பாவாடை கட்டி எடுத்த படம்

நான்கு வயதில் என் மகனுக்கு என்னைவிட நீளமான தலைமுடி. அவன் வயிற்றில் இருந்தபோது டாக்டர்மார் ஏதோ சொல்லிப் பயமுறுத்த, பிள்ளை நல்லபடி பிறந்தால் முதல் மொட்டையை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் முருகன் கோயிலில்தான் அடிப்பேன் என்று நேர்ந்துவிட்டேன். பிள்ளை நல்லபடியாகவே பிறந்தான். ஊருக்குப் போகிற பாதைதான் சண்டையில் மூடிப்போயிற்று. எண்பதுகளின் கடைசி அது. முருகன் அங்கே, முடி இங்கே, நடுவில் நான் சீப்போடு.

லண்டனில், எங்கள் கிங்ஸ்பரியில் பஸ் ஏறினால் போதும், யாராவது ஒரு வெள்ளைக்காரக் கிழவி குனிந்து, என்ன வடிவான பெண்பிள்ளை என்பாள். இவன் மூஞ்சியை நீட்டிக்கொண்டு, தான் ஆம்பிளை என்று பஸ் முழுவதும் கேட்கச் சொல்லுவான். செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. இந்த முடியோடு போகவே மாட்டேன் என்று ஒரே பிடி.

"லண்டன் கோயிலிலயே அடிச்சுவிடுவம். முருகனுக்கு உம்மட புது விலாசம் தெரியாதே?" என்றார் என் கணவர்.

"நேர்ந்தது நான். நீங்கள் சும்மா இருங்கோ," என்றேன்.

வீட்டில் ஆளுக்கொரு பக்கம் முறுகிக்கொண்டிருந்த ஒரு மழை ஞாயிறில், நனையாமலாவது இருக்கலாம் என்று அவர் எங்களை ஓர் ஓவியக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு அறை முழுக்க, இந்தியாவை ஆண்ட காலத்து வெள்ளைக்காரக் குடும்பங்கள். ஒன்றில் மரத்தடியில் சிவப்புக் கோட்டோடு துரை, கதிரையில் துரைசாணி, ஓரத்தில் குடை பிடித்தபடி ஆயா. ஆயாவின் சேலைக் கட்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொசுவத்தை எங்கே சொருகினாள் என்றே தெரியவில்லை. துரையின் காலடியில் கிடந்த நாய்க்குட்டியின் மயிரை ஒவ்வொன்றாகக் கீறிய ஓவியனுக்கு அவளை ஒருதரம் ஒழுங்காகப் பார்க்க நேரமிருக்கவில்லை. துரைசாணியோடு சாய்ந்துகொண்டு, வெள்ளைக் கவுனும் நீலப் பட்டியும் சுருட்டை முடியுமாய் ஒரு பிள்ளை.

"கேர்ள்," என்றான் மகன், பெரிய திருப்தியோடு.

கணவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கத்திலிருந்த குறிப்பை வாசித்தார். "இல்லையப்பன், இது பெடியன். அந்தக் காலத்தில இவங்கட பெடியங்களுக்கும் சின்னனில கவுன்தானாம்."

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தியோ? துரையின்ர மகனுக்கே இப்பிடியெண்டா உனக்கென்ன?" என்றேன். வென்றுவிட்டதாகத்தான் நினைத்தேன்.

மனுசன் மிச்சத்தையும் வாசித்துத் தொலைத்தார். படம் எழுதி முடிந்த கையோடு, ஐந்து வயதில், பிள்ளையைக் கப்பலேற்றி, படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்களாம். தாயும் தகப்பனும் அங்கேயே இருந்துவிட்டார்களாம். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தானாம், பிள்ளை போக முன்னர் ஒரு படம்.

"ஐஞ்சு வயசுப் பிள்ளையையோ? பெத்தவளோ அவள்?" ரயிலில் வீடு வரும்வரைக்கும் அந்தத் துரைசாணியைத் திட்டிக்கொண்டே வந்தேன். செத்து இருநூறு வருசமான மனுசியோடு என்ன சண்டை என்று கணவர் சிரித்தார். மகன் என் மடியில் சத்தமில்லாமல் கிடந்தான். நித்திரையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் முடிந்தும் பாதை திறக்கவில்லை. நான்தான் இறங்கிவந்தேன். முருகனிடம் மன்னிப்புக் கேட்டு, லண்டன் கோயிலில் நாள் வைத்தோம். ஆனால் மொட்டைக்கு முன்னர் ஆம்பிளைப் பிள்ளைக்குப் பின்னல் பின்னி, பூ வைத்து, பாவாடை சட்டை போட்டு ஒரு படம் எடுக்காமல் விட்டால் நாங்கள் என்ன தமிழர்? பாவாடையை நானே தைத்தேன். கனகாம்பரத்துக்கு எங்கே போக, துணிப்பூதான். எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்காமல் நின்றான். என்ன நல்ல பிள்ளை என்று கன்னத்தில் ஒரு பொட்டும் வைத்தேன்.

ஸ்டூடியோவில் கதிரையைக் கண்டதும் தொடங்கினான். கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரே கத்தல். குஜராத்திப் படக்காரர் கிலுகிலுப்பை ஆட்டினார், டொபி மிட்டாய் காட்டினார். நெற்றிச்சுட்டி காதில் தொங்கியது.

"என்னடா உனக்கு? நாளைக்கு மொட்டை. பிறகு ஆம்பிளையாப் பள்ளிக்கூடம் போகலாம். என்ர மானத்தை வாங்காதை."

விக்கி விக்கி, "படம் எடுத்தாப்பிறகு எந்த ஷிப்பில அனுப்பப் போறீங்கள்?" என்றான்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன், கணவர் சிரிக்கவில்லை. கவுன், படம், பள்ளிக்கூடம். பிள்ளை சரியாகத்தான் யோசித்திருக்கிறான். இவ்வளவு நாளும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறான்.

"உன்னை ஒரு இடமும் அனுப்பமாட்டன். பள்ளிக்கூடம் விடேக்க அம்மா வாசலில நிப்பன்."

"அப்ப நீங்களும் இருங்கோ," என்றான்.

கதிரையில் நான் உட்கார, மடியில் ஏறிக்கொண்டான். படக்காரர் விளக்கைப் போட்டபோதுதான் இன்னொரு ஸ்டூடியோ ஞாபகம் வந்தது. நான் லண்டனுக்குப் பிளேன் ஏறுவதற்கு முந்திய கிழமை, அம்மா என்னை யாழ்ப்பாண டவுனில் படம் எடுக்கக் கூட்டிப்போனார். "ஒண்டு எடுத்து வைப்பம் பிள்ளை," என்றார். தோளில் வைத்த கையை, படம் எடுத்து முடிந்த பிறகும் எடுக்கவில்லை. இதை மறந்துவிட்டுத்தான் அந்தத் துரைசாணியை ரயில் முழுக்கத் திட்டியிருக்கிறேன்.

மகனை மடியில் வைத்து அன்று எடுத்த படம் இன்னும் எங்கள் ஹோலில் தொங்குகிறது. மகள் நல்ல வடிவு, சிரிச்சுக்கொண்டிருக்கிறா, நீங்கள் ஏன் கண் கலங்கி இருக்கிறியள் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். புளாஷ் கண்ணில் அடித்துவிட்டது என்று சொல்லிவிடுவேன்.