மஞ்சள் தடவாத கார்டு

ஆத்தூர் நீர்த்தேக்கத்தின் கரையில் காலை நீட்டி உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. அண்ணன் கல்யாணத்தைக் கடற்கரையில் வைத்துவிட்டால் என்ன?

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து எங்களை அங்கே அழைத்துப் போயிருந்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிட்டது. அந்தப் பக்கம் இரண்டு கன்னியாஸ்திரீகள் மடத்துப் பிள்ளைகளுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி ஊறுகாய் இல்லையே என்றாள்; ஜமுக்காளத்திலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. ஊரில் என்றால் அவள் அதை வாங்கியிருக்கவே மாட்டாள். இங்கே யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை, யார் வாசற்படியையும் மிதிக்கவில்லை, அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தண்ணீருக்குப் பக்கத்து மண் யாருக்கும் சொந்தமில்லை என்று எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

எங்கள் வீட்டுச் சிக்கலே படிதான். அண்ணன் ராமநாதபுரம் பக்கம் கடலோரத்து ஊர் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியார். அதே பள்ளியில் தையல் சொல்லிக்கொடுக்கும் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொள்வதாக இருந்தான். அவள் அப்பா அந்த ஊர்க்காரர். அம்மா கொச்சியிலிருந்து வந்தவர். அவர்கள் மதம் மாறச் சொல்லவில்லை. ஆனால் ஐயர் வளர்க்கிற நெருப்புக்கு முன்னால் நிற்க மாட்டோம் என்றார்கள். அம்மா மாதா கோயில் படி ஏற மாட்டேன் என்றாள். "நான் அங்க ஏறுனா எங்க அண்ணன் எம்வீட்டுப் படி ஏற மாட்டாரு" என்றாள். வடமதுரைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த மாமாதான் அவளுக்குப் பிறந்த வீடு, எல்லாம். அண்ணனோ அம்மா வந்து நிற்காமல் தாலி கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டான். பெண்ணின் அப்பா தை மாதம் வரை பொறுப்பதாகவும், அதற்குமேல் வேறு இடம் பார்ப்பதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா மட்டும் எதிலும் பட்டுக்கொள்ளவில்லை. அவர் ஒரு பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். எல்லா வண்டியும் கடைசியில் கிளம்பித்தானே ஆகும் என்று நினைக்கிற மனுசர்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதுமே அம்மாவிடம் சொன்னேன். கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை. பதிவு ஆபீசில் கையெழுத்து முடிந்ததும் கடற்கரையில் சனி, ஞாயிறு இரண்டு நாள் எல்லோரும் ஒன்றாகத் தங்குவது. மணலில் நின்று தாலி கட்டுவது, மோதிரம் மாற்றுவது, அவ்வளவுதான்.

"கடலா?" என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே செத்த நேரம் இருந்தாள். பிறகு, "உங்க மாமன் வந்தா நானும் வாரேன்" என்றாள்.

அந்தச் செத்த நேரத்தில் அவள் எதை நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. சம்மதம் கிடைத்துவிட்டது என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மூன்று வாரமும் எனக்கு ஓட்டம்தான். பெண்ணுக்கு நேரடியாகவே எழுதினேன்; அவளும் ஊதா மையில் பதில் எழுதினாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவள் அம்மா ஆப்பம் சுடுவதாக ஏற்பாடு. அண்ணனின் தலைமையாசிரியர் வீட்டில் பிரியாணி போடுவதாகச் சொன்னார்கள், திண்டுக்கல்காரர்களாகிய நாங்கள் குறை சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. எங்கள் பங்குக்குச் சோறு, சாம்பார், மூன்று வெஞ்சனம். தென்னந்தோப்பில் ஓலைப்பந்தல் இரண்டு, பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. யாருக்கும் அவசரம் கிடையாது. வேண்டியவர்கள் குளிக்கலாம், வேண்டியவர்கள் தூங்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிராமபோன். "எங்கள் ஊரில் மணல் சோற்றிலும் விழும், பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தாள். சோற்றில் கல்லைப் பொறுக்கிப் பழகியவர்கள்தான் நாங்கள் என்று எழுதினேன்.

வெள்ளைத் துணி யோசனையும் அந்தக் கடிதங்களில்தான் முளைத்தது. அவர்கள் வழக்கப்படி மணப்பெண் வெள்ளைச் சேலை. கொச்சிச் சனங்களும் வெள்ளை வேட்டி, வெள்ளை முண்டு. அப்படியென்றால் எல்லோருமே வெள்ளை உடுத்திவிட்டால், மணலில் யார் எந்தப் பக்கம் என்றே தெரியாதே. நினைத்துப் பார்க்கவே எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது. எங்கள் பக்கத்தில் கூட்டமாக வெள்ளை உடுத்துவது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தது எதுவும் அந்த வாரம் என் தலையில் இல்லை.

மாமாவுக்கு ஒரு கார்டு எழுதினேன். அந்தக் கிராமத்தில் கார்டு வந்தால் டீக்கடை முழுக்கப் படித்த பிறகுதான் வீட்டுக்குப் போகும். வேதக்காரப் பெண்ணோடு கல்யாணம் என்று ஊர் முழுக்கப் பரவி, யாராவது மாமாவின் மனதைக் கெடுத்துவிட்டால்? அதனால் கல்யாணம் என்ற வார்த்தையையே எழுதவில்லை. நேரில் வந்ததும் அம்மாவே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை வீட்டு விஷயமாக எல்லோரும் கடற்கரைக்குப் போகிறோம், நீங்களும் அத்தையும் அவசியம் வந்து சேரவும், சீர் எதுவும் வேண்டாம், மாற்றுத்துணி மட்டும் போதும், வெள்ளையாக இருந்தால் நல்லது, மற்றவை நேரில். இவ்வளவுதான். எங்கள் வீட்டிலிருந்து போகிற நல்ல காரியக் கார்டுகளுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது வழக்கம். அதுவும் காட்டிக்கொடுத்துவிடும் என்று தடவவில்லை. மாமாவுக்குப் போகும் கடிதங்களை எப்போதும் அப்பாதான் எழுதுவார். இதை நானே எழுதி, யாரிடமும் காட்டாமல் பெட்டியில் போட்டேன்.

வியாழக்கிழமை. அப்பா வேறொருவருக்குப் பதிலாக வத்தலக்குண்டு ஸ்டாண்டில் உட்கார விடியும் முன்னே முதல் பஸ்ஸில் போய்விட்டார். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தெரு முனையிலிருந்தே அத்தையின் ஒப்பாரி கேட்டது. யார் வீட்டிலோ என்று நினைத்து நான் வாசலுக்குப் போனேன். அது எங்கள் வீட்டை நோக்கித்தான் வந்தது. அத்தை தலைமுடியை அவிழ்த்துப்போட்டிருந்தாள். பின்னால் மாமாவும் ஊர்க்காரர்கள் நாலு பேரும், எல்லோரும் வெள்ளையில். மாமா என்னைத் தாண்டி உள்ளே போய், கையிலிருந்த பொட்டலத்தை அம்மாவின் காலடியில் வைத்தார். காகிதம் விலகி உள்ளே புதுச்சேலை தெரிந்தது.

பிறந்த வீட்டுக் கோடி. புருசனை இழந்தவளுக்குக் கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போடுகிற சேலை.

அம்மா அதைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கணக்குப்போட்டதை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். விடியும் முன் பஸ் ஏறிப் போனவர். இன்னும் வரவில்லை. கூடப்பிறந்தவன் கையில் கோடி. எனக்குத் தெரியும் முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் தரையில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி வளையல்கள் அத்தனையும் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தன.

இல்லம்மா, இல்லம்மா என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. மாமாவின் மடியிலிருந்து கார்டு கீழே விழுந்தது. என் கையெழுத்து எனக்கு முன்னால் கிடந்தது. நான் செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சீட்டுக் கிழிக்கிறவர் வண்டி இப்போது வந்துவிடும் என்றார். அந்த இருபது நிமிடமும் நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி வந்தது. அப்பா தூக்குச்சட்டியோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்ன ஆச்சு என்றார்.

நடந்துகொண்டே பாதியைச் சொன்னேன். மீதியை வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார். அவர் உள்ளே நுழைந்ததும் ஒப்பாரி அப்படியே நின்றது. அப்பா கூடியிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன மச்சான், நான் செத்தத எனக்கே ஒருத்தரும் சொல்லலையே."

யாரும் சிரிக்கவில்லை. மாமாவின் வாய் சிரிக்கப்போவது போல் கோணியது. உடனே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அம்மா எழுந்து வந்து அப்பாவின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், ரத்தத்தைக் கழுவிவிட்டு, மிச்ச அவரைக்காயை நறுக்கினாள்.

மாமா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் விளக்கம்தான் கேட்டார்.

"ஏத்தா, நீ படிச்ச புள்ள. கடலுக்கு வா, வெள்ளை உடுத்து, சீரு வேண்டாம்னு எழுதினா நான் என்னன்னு நெனைக்க? தந்தி குடுத்து வந்து சேரலை, காரியத்துக்காவது கூப்புடுறாகன்னு ஓடியாந்தேன். நானும் உங்காத்தாளும் ஒரே ஒருக்கா கடலைப் பாத்துருக்கோம். எங்கய்யா சாம்பலக் கரைக்கப் போனப்ப."

அப்போதுதான் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் செத்த நேரம் எனக்குப் புரிந்தது. ராமேசுவரத்துக்குத் தகப்பன் சாம்பலோடு போனவளை நான் குளிக்கவும் கிராமபோன் கேட்கவும் கூப்பிட்டிருக்கிறேன். அவள் சரி என்று சொன்னது எவ்வளவு பெரிய காரியம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கல்யாண விஷயத்தைச் சொன்னேன். மாமா கிறிஸ்தவப் பெண் என்பதைக் காதிலேயே வாங்கவில்லை. "கல்யாணமா" என்று மட்டும் சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்காமல், பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே அப்பா புது வளையல் வாங்கிவந்தார். அம்மா போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ரயில் எங்களை ஏற்றாமலே போனது. ஓலைப்பந்தலைப் பிரித்துவிடச் சொல்லி அண்ணனுக்குத் தந்தி அடித்தோம். மூன்று நாள் அம்மா வீட்டு வேலை தவிர எதையும் பேசவில்லை. நாலாம் நாள், நான் பாத்திரம் கழுவும்போது வந்து நின்றாள்.

"அந்தச் சேலைய எங்கண்ணால பாத்துட்டேன். இனி என்னையக் கடலுக்குக் கூப்புடாதே. நான் வந்து, நாளப்பின்ன உங்கப்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் புள்ள வந்த நேரம்னுதான் என் வாயில வரும். எனக்குத் தெரியும் என்னைய. அந்தப் பழி அவளுக்கு எதுக்கு?"

நான் பேச்சுப் போட்டியில் பரிசெல்லாம் வாங்கியவள். அவள் அந்தப் பெண்ணை வெறுத்திருந்தால் வாதாடியிருக்கலாம். வெறுக்கத் தொடங்கிவிடுவோமோ என்று பயந்து ஒதுங்குகிறவளிடம் என்ன சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். சாப்பிட்டான். நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய் என்றான். அதைக் கேட்க முடியாமல் கொல்லைப்புறம் போய்விட்டேன். பெண்ணின் அப்பாவிடம் இனிக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாக அப்பாவிடம் அவன் சொன்னது அங்கேயும் கேட்டது. அப்பா மறுக்கவில்லை. என் நோட்டில் இன்னும் பதினாறு பக்கம் எழுதாமல் கிடக்கிறது. முன்பக்கங்களைத் திறக்கவே கை வரவில்லை. எத்தனை பாய், எத்தனை குடம், யார் எந்த நேரத்தில் கிராமபோனுக்குச் சாவி கொடுப்பது என்பதுவரை எழுதியிருந்தேன். மாமாவிடம் நேரில் ஒரு தடவை போய்ச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை.

நேற்று அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. கல்யாணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அண்ணன் நடந்ததைச் சொல்லியிருக்கிறான் போல. அம்மாவின் கையில் கண்ணாடித் துண்டு எதுவும் உள்ளே தங்கிவிடவில்லையே என்று கேட்டிருந்தாள். தங்கினால் சீழ் வைக்கும், நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்க்கவும் என்று எழுதியிருந்தாள். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆறிடுச்சுன்னு எழுது" என்றாள். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள இந்தத் தடவை எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆனால் நான் எழுதவில்லை. தை பிறக்க இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. சனிக்கிழமை நானே போகிறேன். அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்து, கல்யாணப் பேச்சே எடுக்காமல், அம்மாவின் கையைப் பார்க்க அவளை ஒரு நாளைக்கு மட்டும் திண்டுக்கல்லுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கப் போகிறேன். வயசுப்பெண்ணை அப்படி யார் அனுப்புவார்கள்? அனுப்பினாலும் அம்மா முகம் கொடுத்துப் பேசுவாளா? எனக்கு நம்பிக்கை இல்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் மதுரையில் எத்தனை மணிக்கு இறங்கி எந்த வண்டி மாற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். முதல் வண்டி காலை ஐந்தே காலுக்கு.