மழை கேட்டேன், உலக்கைச் சத்தம் வந்தது

1944 ஜனவரியில் மழை நின்றது. அதோடு என் ஆங்கிலமும் நின்றது. ஆண்டவருடைய பிள்ளைகளே, அந்த வறட்சியில் அவர் எனக்குச் செய்ததை உங்களுக்குச் சொல்கிறேன். எனக்கு நிச்சயமான காலங்களை மட்டுமே எழுதுகிறேன்.

திகாம் பத்துவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டினேன். தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர் வேலைக்குப் போக ஆசை. அதற்கு ஆங்கிலம் வேண்டும். சுங்கைப்பட்டாணியில் ஒரு போதகர் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கற்றுக்கொடுத்தார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்ததும் வகுப்பு நின்றது. ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தாலே ஆபத்து என்றார்கள். என்னிடமிருந்ததை அடுப்பில் போட்டேன். பிறகு என் ஆங்கிலம் என் வாயில் மட்டும்தான் இருந்தது. பேசாவிட்டால் அதுவும் போய்விடும்.

எங்கே பேசுவது? வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்தான் எங்கள் லயம்; நடுச்சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டுத் தும்மல்கூட இங்கே கேட்கும். ஆகவே தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் வாய் திறப்பேன். அன்றைய வேலையை ஆங்கிலத்தில் எனக்கே சொல்லிக்கொள்வேன்.

"வெள்ளைக்காரனே ஓடிட்டான். அவன் பாஷை இன்னும் எதுக்குலா?" என்பாள் என் மனைவி மேரி.

அந்த ஜனவரியில் வானம் வெளுத்துக் கிடந்தது. தெரிந்த சொற்கள் ஒவ்வொன்றாக நழுவின. ஒரு மாலை முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, மழையைத் தாரும். இல்லாவிட்டால் இந்த ஆசையை என்னைவிட்டு எடுத்துப்போடும்" என்று வாய்விட்டு அழுதேன்.

மழை வரவில்லை. அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் உலக்கைச் சத்தம் ஆரம்பித்தது.

அங்கே காமாட்சி அக்கா தனியாக இருந்தார். முந்திய ஆண்டு அவர் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அக்கா ஜப்பானிய அதிகாரி தங்கியிருந்த பங்களாவில் சமைத்தார். அதனால் அவர் முன்னால் லயத்தில் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

எல்லாரும் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். இடிப்பதற்கு இவரிடம் மட்டும் என்ன இருக்கிறது? நான் வேலை முடிந்து வந்து ஒரு வார்த்தை முணுமுணுத்தால் உலக்கை விழும். நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும். சோதித்தே பார்த்தேன். என்னைக் கவனிக்கிறார் என்பது உறுதியாயிற்று. யாருக்காக?

உப்புக் கேட்கப் போன மேரி முகம் வெளுத்துத் திரும்பினாள். உரல் வெறுமையாக இருந்ததாம். வெறும் உரலை இடிப்பது குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். கணவன் தூரதேசத்தில் இருக்கும் பெண் அதைச் செய்வாளா? அந்தச் சத்தத்தில் என் குரல் மறையும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதையே பொறி என்று நினைத்தேன். தைரியம் கொடுத்துப் பேசவிட்டுப் பிடித்துக்கொடுக்கப் பார்க்கிறார். ஆனாலும் நாக்கு கேட்கவில்லை. பயந்துகொண்டே பேசினேன்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு பிற்பகல். நான் பேசிக்கொண்டிருக்கையில் உலக்கை திடீரென்று வெறிபிடித்ததுபோல் விழுந்தது. வாயை மூடினேன். வாசலில் பூட்ஸ் சத்தம். இரண்டு ஜப்பானியச் சிப்பாய்கள், கூட ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். இந்த லயத்தில் இங்கிலீஷ் ரேடியோ கேட்கிறதாம். எங்கள் வீட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்து அக்கா வீட்டுக்குப் போனார்கள். சுவருக்கு மேலே எல்லாம் கேட்டது.

"ஏம்மா, பக்கத்துல இங்கிலீஷ் சத்தம் கேட்டுச்சா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மேரி என் கையை இறுகப் பிடித்தாள்.

"உலக்கை போடுற சத்தத்துல எனக்கு என்னாங்க கேக்கும்?"

"உரல் வெறுசால்ல கெடக்கு. எதை இடிக்கிறே?"

உலக்கையைச் சுவரில் சாய்த்துவைக்கும் சத்தம் கேட்டது.

"எம் புருசனைச் சயாமுக்குக் கொண்டு போயிட்டீங்க. கை சும்மா இருந்தா அவரு நெனப்பு வருது. அதான் இடிக்கிறேன்."

அந்த மனிதர் ஜப்பானிய மொழியில் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். பூட்ஸ் சத்தம் தள்ளிப்போனது.

அவர்கள் தோட்டத்தைவிட்டுப் போனபின் அக்காவிடம் போனேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"மழை வேணும்னு சாமிகிட்ட நீங்கதானே அழுதீங்க, தம்பி? எனக்குக் கேட்டுச்சு. மழைக்கு நான் எங்க போவேன்? உலக்கைதான் இருந்துச்சு."

"வெறும் உரல் ஆகாதேக்கா."

"ஆகாததெல்லாம் ஆயிருச்சே. வெள்ளைக்காரன் திரும்பி வந்தா, எங்க வீட்டுக்காரரு எங்கன்னு ஆபீசுல கேக்க ஆள் வேணும். நீங்க பேசுங்க. நான் இடிக்கிறேன்."

அதன்பின் எதற்குப் படிக்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்கவேண்டியிருக்கவில்லை. சிப்பாய்களிடம் சொன்னது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்த லயத்து ஆட்களைப் பார்த்தால் இன்றும் மனம் ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது.

ஜப்பானியர் தோற்று வெள்ளைக்காரர் திரும்பினார்கள். 1945 முடிவதற்குள் அக்காவோடு சுங்கைப்பட்டாணி ஆபீசுக்குப் போனேன். வெள்ளைக்கார அதிகாரியிடம் தடுமாறாமல் கேட்டேன். அவர் இறந்தவர்கள் பட்டியலில் தேடிப் பார்த்துச் சொன்ன பதில் முழுவதும் எனக்குப் புரிந்தது. அதைத் தமிழில் சொல்லத்தான் வாய் வரவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டீங்கல்ல தம்பி. அது போதும்" என்றார்.

அன்று மாலை சுவருக்கு அப்பால் உலக்கை விழுந்தது. இப்போது மறைக்க எந்தக் குரலும் இல்லை. நானும் மேரியும் முழங்காலில் நின்று, அக்காவுக்குக் கேட்கும்படி உரக்க, அவருக்காக ஜெபித்தோம். வெகுநேரம் கழித்து உலக்கை நின்றது.

பின்னாளில் டிரெசர் ஆனேன். ஜப்பானியர் காலத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். அந்த உரலை எதிலும் காணவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆண்டவருக்கு நன்றி. சோர்ந்திருப்பவர்களே, நீங்களும் வாய்விட்டுக் கேளுங்கள். சுவருக்கு அப்பால் இருப்பவரைக்கொண்டும் அவர் பதில் தருவார்.