சரோஜா அக்காவின் காருக்குக் குளிர் திரும்பிய கோடை

சேலத்தில் என் பட்டறையில் ஒரு காரின் பானெட்டுக்குள் குனிந்திருந்தபோது சரோஜா அக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா காப்பி குடிச்சிட்டு இருந்தாங்கண்ணா. அப்படியே சாஞ்சு போய்ட்டாங்க." ஏற்காட்டு மலையில் கிளியூரிலும் கரடியூரிலும் அக்கா ஓட்டிய வாடகைக் காரில் ஏறாத குடும்பம் குறைவு. அவரை வழியனுப்ப வந்திருக்கும் நீங்கள் அறியாத ஒரு கோடையைச் சொல்கிறேன்.

அந்தக் காரின் ஏசிக்கு வேண்டிய பழைய கேஸ் எங்கும் கிடைக்காமல் போயிருந்தது. விற்றுவிடுங்கள் என்றேன். "எஞ்சின் நல்லா இருக்குதுங்க தம்பி. கரடியூர் பார்வதிக்கு மாசம் நெருங்குது. மலை எறங்குனா வெக்கையில அந்தப் புள்ள மயங்கிருது. புது கேஸுக்கு மாத்திக் குடுங்க."

அதுவரை நான் அப்படி மாற்றியதில்லை. கையெல்லாம் பரபரத்தது. பழைய எண்ணெயைக் கழுவி எடுத்தேன். ரப்பர் வளையங்களையும் ஈரம் உறிஞ்சும் டிரையரையும் புதிதாக மாட்டி, குழாய்களிலிருந்த காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, புது எண்ணெயும் புது கேஸும் ஏற்றினேன். உடனே ஏற்காட்டுக்கு ஓட்டிப் போனோம். மேல் வளைவுகளில் பல் தந்தியடித்தது. ஜெயித்துவிட்டோம் என்றேன். அக்கா ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். வெளியிலும் அதே குளிர். "இது எங்க மலைக்காத்துங்க தம்பி. கீழ போய்ப் பாக்கலாம்."

கீழே சேலத்தில் உச்சி வெயில். சிக்னலில் நின்றதும் ஏசியிலிருந்து அனல் வந்தது. எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஓரங்கட்டிப் பானெட்டைத் திறந்தேன். வண்டி நிற்கும்போது முன்னாலிருந்து வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சர் சூடாகிறது, காற்று பத்தவில்லை என்றேன். சொல்லி முடிக்குமுன் அக்கா குடிதண்ணீர் கேனைத் தூக்கி அதன் மேல் கவிழ்த்தார். காருக்குள் ஏசி முன் கையை நீட்டினேன். சில்லென்று அடித்தது.

"அப்ப பெரிய ஃபேனா மாட்டுங்க" என்று ரோட்டோரத்தில் நின்று சிரித்தார். மாட்டினோம். அதன்பின் எந்தச் சிக்னலிலும் குளிர் குறையவில்லை.

பார்வதிக்கு வலி வந்தது நல்ல வெயில் நேரத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா பேசினார். "பொண்ணு பொறந்திருக்குதுங்க தம்பி. ரெண்டு உசுரும் நல்லா இருக்குது. வண்டியில நொம்பக் குளுருதுன்னு பார்வதி போர்வை கேட்டாளுங்க." நான் பட்டறையில் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

பிறகொரு நாள் வேறொரு காரின் முன்சீட்டில் அமர்ந்து, கையை நீட்டிக் குளிர் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கதவைத் திறந்தார். "பின்னாடி போய் உக்காந்து பாருங்க தம்பி. நோவோட வர்றவங்க அங்கதான் உக்காருவாங்க."

இன்றும் எந்தக் காரானாலும், வெயிலில் நிறுத்தி, பின்சீட்டில் உட்கார்ந்து குளிர்ந்த பிறகே சாவியைக் கொடுக்கிறேன். சரோஜா அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த இருக்கை.