லிண்டாவும் நாலாவது கம்பும்

லிண்டா சாந்தோமில் நான்கு அண்ணன்களோடு வளர்ந்தவர். சந்து கிரிக்கெட்டில் அவர்களில் யாருக்காவது கால் சுளுக்கினால் அவருக்குப் பதில் மட்டையை ஏந்தி ரன்னராக ஓடுவது இவர் வேலை. அடிக்க வாய்ப்புக் கேட்டால், "உனக்கு ஓட்டம்தான் நல்லா வருது" என்பார்களாம். பதினேழு வயதுவரை ஓடினார். ஒரு பந்துகூட அடித்ததில்லை.

தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராகி, நாற்பத்தொரு வயதில், 1994 ஜூலை 3 ஞாயிறன்று, பெசன்ட் நகர் கடற்கரையில் எங்கள் பங்குக் கோயில் பெண்களின் ரவுண்டர்ஸ் குழுவில் சேர்ந்தார். கரையில் அந்த ஆட்டத்துக்கு 'நாலு கம்பு' என்று பெயர். குட்டை மட்டையால் பந்தை அடித்துவிட்டு, மட்டையோடு ஓடி, மணலில் நட்ட நான்கு கம்புகளையும் தொட்டுவர வேண்டும். எதிரணி பந்தோடு முந்திக் கம்பைத் தொட்டால் அவுட்.

லிண்டா நன்றாகவே அடித்தார். ஆனால் கம்புக்கு இரண்டு முழம் முன்பே குனிந்து, கிரிக்கெட் கோட்டைத் தொடுவதுபோல் மட்டையை மணலில் குத்தி நின்றுவிடுவார். ஆகஸ்ட் 7 வரை ஆறு வாரங்களில் பதினொரு முறை இப்படி அவுட். ஸ்கோர் எழுதி, தீர்ப்பும் சொன்னவன் நான்.

அன்று தலைவி நோரா பொறுமை இழந்தாள். "இன்னாக்கா, மணல்ல நாத்து நட்டுகினு கீற? அடுத்த வாரமும் குத்தி நின்னா, பந்து பொறுக்கத்தான் நீ."

அந்த வாரம் முழுக்க லிண்டா அலுவலகம் விட்டு வந்ததும் பூரிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வீட்டிலுள்ள கதவுகளையெல்லாம் தொட்டுத் தொட்டு ஓடியதாக அவர் கணவர் ஃபிரெட்ரிக் சொன்னார்.

ஆகஸ்ட் 14, அபிராமபுரம் அணியுடன் ஆட்டம். லிண்டா அடித்த பந்து அலைவரை போனது. மூன்று கம்புகளைச் சரியாகத் தொட்டார். நான்காவதை நெருங்கும்போது எதிரணி ஹம்சா பந்தோடு ஓடிவந்தாள். லிண்டாவின் வலக்கை பழக்கதோஷத்தில் தாழ்ந்தது. மட்டை மணலைக் குத்தியது. நோரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் லிண்டாவின் கால்கள் நிற்கவில்லை. மட்டை மணலைக் கீறிக்கொண்டே வர, இடக்கை கம்பை அறைந்தது. ஹம்சா ஒரு நொடி பிந்தினாள்.

"மட்டையால தொடவே இல்லையே சார்" என்றாள்.

விதியைப் படித்துக் காட்டினேன். கையோ மட்டையோ, எது பட்டாலும் போதும். மட்டையைக் கைவிடக் கூடாது, அவ்வளவுதான். ஹம்சா ஒப்புக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறுக்கான பட்டியலை நோரா அங்கேயே எழுதச் சொன்னாள். முதலில் அடிப்பவர், லிண்டா.

"குத்தணும்னா குத்திக்கக்கா" என்றாள். "நின்னுட மட்டும் நின்னுடாத."