ஐந்தாம் இலக்கக் கதிர்

கலகெதரையில் பாமசி வைத்திருக்கும் முனாபுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் சொல்வார்கள். பிறவிக் குணம் என்றும் சொல்வார்கள். அது சுத்தப் பொய். ஐம்பது வயது வரை அந்த மனிதர் குரல் உயர்த்திப் பேசியதை அவருடைய மனைவி கைரியாகூடக் கேட்டதில்லை. மருந்துச் சீட்டைத் தலைகீழாக நீட்டுகிறவனுக்கும் சிரித்துக்கொண்டேதான் மருந்து கொடுப்பார். கோபம் அவரிடம் வந்து சேர்ந்த நாளைத் துல்லியமாகவே சொல்லலாம். ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்த அந்த வருஷம், ஒன்பதாவது நோன்பு, காலை ஒன்பதரை மணி.

அதற்கு முன்னால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழமையில் ஆறு நாள் மாத்திரை எண்ணுகிற கை ஏழாம் நாள் இரும்பு அடித்தது. யாரும் அவருக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. கைப்பேசியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் இரும்பை முறுக்குவதைப் பார்த்தார், ஆசை பிடித்துவிட்டது. வீட்டுப் பின்பக்கம் தகரம் போட்ட ஒரு கொட்டில். பழைய இரும்புக் கடையில் வாங்கிய தண்டவாளத் துண்டுதான் பட்டடை. உலைக்குச் சிரட்டைக் கரி. காற்றுக்கு, கைரியாவின் தலைமுடி காய வைக்கும் டிரையர். அதைக் கேட்காமல் எடுத்ததற்கு அவள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

கூட்டாளி ஒருவன் இருந்தான், திவாகரன். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், பேராதனை ஆஸ்பத்திரியில் சிறுவர் வார்டில் வேலை, குடியிருப்பதும் அங்கேதான். அம்மாவுக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு மருந்தைத் தேடி வந்தவன், பின்பக்கத்திலிருந்து வந்த கரிப் புகையை மோந்து பார்த்துவிட்டு, "என்ன நானா, உள்ள பட்டறையா?" என்று கேட்டான். அடுத்த ஞாயிறே சம்மட்டியைப் பிடித்துவிட்டான்.

இரண்டு பேரும் விற்பதற்கு ஒன்றும் செய்ததில்லை. பண்டிகைக்குப் பண்டிகை ஏதாவது ஒன்றை அடித்துப் பரிசாகக் கொடுப்பார்கள். புத்தரின் வெசாக் பண்டிகைக்குச் சந்தியில் தொங்கவிட ஒரு விளக்குக் கூட்டுச் சட்டம். தீபாவளிக்குத் தோட்டத்துக் கோவிலுக்கு மோட்டார் சைக்கிள் சங்கிலியில் ஒரு குத்துவிளக்கு. கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. விடியும் முன் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று முனாப் சொல்லுவார். அதனால் படம் எடுக்க மாட்டார்கள், யாரிடமும் மூச்சு விட மாட்டார்கள். நல்ல குணம்தான். அந்த நல்ல குணம்தான் பின்னால் அவருக்கு ஒரு சாட்சிகூட இல்லாமல் செய்தது.

அந்த வருஷம் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, சிறுவர் வார்டு வாசலில் மாட்ட ஒரு பெரிய நட்சத்திரம் என்று தை மாதமே முடிவு செய்தார்கள். நடுவில் வேன் ஒன்றின் பழைய பிரேக் டிரம். அதைச் சுற்றி எட்டுக் கதிர்கள், ஒவ்வொன்றும் இரண்டடி நீளம், லொறியின் வில்லுப் பட்டையிலிருந்து அடித்தது. நுனி கூராக ஓட வேண்டும். விளிம்பில் வெளிச்சம் பட்டு மின்ன வேண்டும் என்று இரண்டு பக்கமும் அரத்தால் ராவினார்கள். அடியில் டிரம்முக்குள் செருக விரல் நீள முளை. கையால் அடித்த முளை ஒன்றைப்போல் ஒன்று வராதே! ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஓட்டைதான் பொருந்தும். ஆகவே கதிர்களில் ஒன்று முதல் எட்டு வரை இலக்கம் அடித்தார்கள்.

எட்டுக் கதிரும் முடிந்தபோது நோன்பு வந்துவிட்டது.

"திவா, நோன்பு மாசம் நான் நெருப்புக்குக் கிட்ட வரமாட்டன். நீ இந்த டிரம்ம ஊட்டுக்குக் கொண்டு போய் ஓட்டயப் போட்டு வெய்யி. பெருநாளைக்குப் பொறகு பூட்டுவம்" என்றார் முனாப்.

திவாகரன் எட்டு முளைகளின் அளவையும் தாளில் குறித்து, டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனான். முனாப் கதிர்களைத் துடைத்தார். மழைக் காலம், இரண்டு நாளில் துருப் பிடித்துவிடும். தேங்காயெண்ணெய் பூசி, உடுத்துப் பழசான சாரம் ஒன்றில் சுற்றி, ஈரம் படாத இடமாகப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

ஒரு முஸ்லிம் வீட்டில், அந்த மாதத்தில், கட்டிலுக்கு அடியில், எண்ணெய் பூசிச் சாரத்தில் சுற்றிய எட்டுக் கூரான இரும்பு! இனிச் சொல்லவா வேண்டும்? ஊர் முழுக்க வீடு வீடாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் சம்மட்டிச் சத்தம் கேட்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறான். அந்தச் சத்தத்தை மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அயலவனாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்குத் தெரியும்?

விடியக் காலையில் வந்த பொலிஸார் சாரத்தை விரித்தார்கள். "கடு" என்று சிங்களத்தில் சொன்னான் ஒருவன். வாள்கள். இன்னொருவன் குனிந்து இலக்கங்களைப் பார்த்தான். எட்டு வாள், எட்டு இலக்கம், அப்படியென்றால் எட்டுப் பேர். மற்ற ஏழு பேர் எங்கே என்று கேட்டான்.

முனாப் சிரித்தார். அவ்வளவு அப்பாவி. இது நட்சத்திரம், வாருங்கள் காட்டுகிறேன் என்று கொட்டிலுக்கு அழைத்துப் போனார். அங்கே உலையும் பட்டடையும் இருந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வாள் செய்கிற இடமும் அகப்பட்டுவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து வைத்திருந்த நட்சத்திரத்தை மழைச் சாரல் கழுவியிருந்தது.

பொலிஸில் இருத்திவைத்து அதிகாரி ஒருவர் கேட்டார்: முஸ்லிம் ஒருவர் எதற்கு நத்தார் நட்சத்திரம் செய்கிறார்? முனாபிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவனுக்கு எந்தப் பதிலும் போதாது. நடுத்துண்டு நண்பனிடம் இருக்கிறது, பேராதனையில், இதோ நம்பர் என்றார். அதிகாரி அழைத்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். முனாபைத் தெரியுமா?

 திவாகரனின் குரல் சிங்களத்தில் சொன்னது: "மருந்து வாங்கப் போவேன் சேர். அவ்வளவுதான்."

அந்த இடத்தில்தான் அவருக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. சோதனை போட்டவர்கள் மேல் வந்தது பயம். அயலவன் மேல் வந்தது அருவருப்பு. இது வேறு. மூன்று வருஷம் எதிரில் நின்று சம்மட்டி போட்டவன், தன் வீட்டு நோன்புக் கஞ்சியைக் குடித்தவன், மருந்து வாங்கப் போவானாம்! நோன்போடு இருந்த மனிதர் நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாதிரிக்கென்று கதிர் ஒன்றை எடுத்தார்கள், ஐந்தாம் இலக்கம். அதில் ஒரு கடதாசித் துண்டு கட்டி, வாள் என்று எழுதிக் கோர்ட்டிலேயே வைத்தார்கள். மேலதிக விசாரணை என்று அவரை மறுபடியும் பொலிஸுக்கே அனுப்பினார்கள். கைரியா பின்னேரம் கஞ்சிப் போத்தலோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே விடவில்லை. அவள் அங்கேயே நின்று திவாகரனின் மனைவி நிரோஷாவுக்கு அழைத்தாள்.

"ஒங்கட மாப்புள சொன்னது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க அக்கா. நேத்துலருந்து சோறு தின்னாம கெடக்காரு. கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறாரு. என்னங்க சொன்னாரு?"

கைரியா சொன்னாள். நிரோஷா ஃபோனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை அவள் பேராதனையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து கலகெதரைக்கு ஒரு பஸ் என்று வந்து இறங்கினாள். மடியில் சந்தைப் பை. பைக்குள் பிரேக் டிரம். சரியான பாரம், பையின் பிடி உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. பொலிஸ் மேசையில் அதைத் தொம்மென்று வைத்தாள். தன் கணவர் பொய் சொல்லிவிட்டார் என்று உடைந்த சிங்களத்தில் சொன்னாள். இது தங்கள் வீட்டில் இருந்தது, அந்த இரும்புகளைக் கொண்டுவந்து இதில் போட்டுப் பாருங்கள் என்றாள்.

முனாபையே பூட்டச் சொன்னார்கள். சீமெந்துத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். டிரம்மைச் சுற்றி எட்டு ஓட்டைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் திவாகரன் இலக்கம் அடித்திருந்தான். சுத்தமான வேலை. ஒன்று ஒன்றில் இறங்கியது. இரண்டு இரண்டில். ஐந்தை விட்டுவிட்டு ஆறு, ஏழு, எட்டு. பாதித் தரையை நட்சத்திரம் அடைத்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அவரை "கடு முதலாளி" என்று மூன்று நாளாகக் கூப்பிட்ட அதே ஆள், "லஸ்ஸனய்" என்றான். அழகாக இருக்கிறதாம். சம்மட்டி மட்டும் கையில் இருந்திருந்தால் அன்றைக்கு உண்மையாகவே ஒரு குற்றம் நடந்திருக்கும்.

பிணையில் விட்டார்கள், டிரம்மையும் மற்ற ஏழு கதிர்களையும் கையில் கொடுத்து. ஊரார் வந்து, "தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு, அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்கொ" என்றார்கள். நன்றியை அல்லாஹ்வுக்குச் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு எரிந்தது. தலைப்பாகை மட்டும் போகட்டும் என்று எவன் தீர்மானித்தான்? பதினான்கு மாதம், ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு, பொலிஸில் போய்க் கையெழுத்து வைத்தார். நாளைப் பாருங்கள், ஞாயிறு. வழக்கைப் பிறகு மூடினார்கள். ஐந்தாம் இலக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. கேட்டால், துண்டில் வாள் என்று இருக்கிறதாம், வாளைத் தனி ஆளிடம் கொடுக்க முடியாதாம். நட்சத்திரம் என்று விட்டவர்கள் வாள் என்று வைத்துக்கொண்டார்கள்!

திவாகரன் அந்த வருஷப் பெருநாள் முடிந்து மூன்றாம் ஞாயிறு வந்தான். கொட்டில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். கையில் புதுக் கதிர் ஒன்று. தனியாக எங்கேயோ அடித்திருக்கிறான், விளிம்பு ராவி, ஐந்து என்று இலக்கமும் அடித்து. குனிந்து டிரம்மில் செருகினான். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

முனாப் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பிடித்து இழுத்து வெளியே எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இத எடுத்துட்டுப் போ."

"நானா, நான் செஞ்சது தப்புதான். சண்டக் காலத்துல கொழும்புல தமிழன்னு புடிச்சு என்னையப் பத்தொம்பது நாள் உள்ள வச்சிருந்தாங்கல்ல, அதுல இருந்து போலிஸ்னாலே..."

"தெரியும். இந்த எடத்துல ஒக்காந்துதான் நீ அத எனக்குச் சொன்ன. எனக்கு அழுக வந்திச்சு. அந்தப் பத்தொம்பது நாள் எப்பிடி ஈக்கும் எண்டு தெரிஞ்ச ஒரே ஆள் நீதானேடா! தெரிஞ்சுமா என்ன அங்க விட்ட?"

திவாகரன் அழுதான். முனாப் அவனை அழவிட்டார். அவருடைய குரல் தெரு வரை கேட்டது. ஊரில் முதன்முதலாக அன்றுதான் அந்தக் குரலைக் கேட்டார்கள்.

"ஒண்ட பயம் எனக்கு விளங்கும். ஞாயித்துக்கிழம நீ வா, வேல ஈக்கிது, செய்வம். ஆனா இந்த ஓட்டய நீ அடைக்கிறல்ல. அடச்சா, அஞ்சாவது எங்கயெண்டு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அந்த நத்தாருக்கு நட்சத்திரம் வார்டு வாசலில் ஏறியது, பட்டப்பகலில். ஒளித்துக் கொடுக்கிற பழக்கத்தை முனாப் விட்டுவிட்டார். திவாகரன் ஏணியில் நின்று மாட்டினான், அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு தாய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் ஒண்ணு கொறையுதேங்க?" என்று கேட்டாள்.

"கழண்டு விழுந்திருச்சுங்க" என்றான் திவாகரன்.

"திவா" என்றார் முனாப்.

  திவாகரன் கம்பியை முடுக்குவதை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"அது கோர்ட்டுல இருக்குங்க. வாள்னு எழுதி வச்சிருக்காங்க. இவரப் புடிச்சிட்டுப் போய் அடச்சு வச்சாங்க. வாள் இல்லேனு எனக்குத் தெரியுங்க. என்னைய ஃபோன்ல கேட்டாங்க. மருந்து வாங்கப் போவேன், அவ்வளவுதான்னு சொல்லிட்டேன்."

தாய் முனாபின் தொப்பியைப் பார்த்தாள், பிறகு அந்த ஓட்டையைப் பார்த்தாள்.  பிள்ளை நட்சத்திரத்தை நோக்கிக் கையை நீட்டியது.

வருஷா வருஷம் மார்கழியில் அதை மாட்டுகிறார்கள். வருஷா வருஷம் யாராவது கேட்கிறார்கள், திவாகரன்தான் பதில் சொல்கிறான். அவன் சொல்லி முடிக்கும் வரை முனாப் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.