மூன்று கைதட்டல்

எங்கள் பள்ளி உடற்பயிற்சி டீச்சருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. பிள்ளைகளுக்கு அவர் விசில் டீச்சர். ஸ்டாஃப் ரூமில் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்காரும் எனக்கும் அப்படித்தான். வீட்டில்கூட விசில் ஊதித்தான் சாப்பிடக் கூப்பிடுவார் என்று பிள்ளைகள் கதை கட்டியிருந்தார்கள். அவர் கணவரிடமே கேட்டேன். "ஊதுனாக்கூட பரவாயில்லையே, முறைச்சுல்ல கூப்பிடுறா" என்றார்.

டீச்சர் வந்தபோது எங்கள் பிள்ளைகள் இருந்த லட்சணம் சொல்லி மாளாது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். காலையில் சிப்ஸ் பாக்கெட், மதியம் கலர் கலராகக் குளிர்பானம். விளையாட்டு வகுப்பைக் கடன் வாங்கிய கணக்கு வாத்தியார் அதைத் திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. விசில் டீச்சர் அவரோடு மல்லுக்கட்டி வகுப்பை மீட்டார். மைதானத்தில் நின்ற தாளாளரின் காரை நகர்த்த வைத்தார். கேண்டீன்காரரைக் கெஞ்சியும் மிரட்டியும் வாழைப்பழமும் அவித்த கடலையும் விற்கச் செய்தார்.

அவருடைய பெரிய ஆயுதம் கைதட்டல். மைதானத்தை முழுசாகச் சுற்றி ஓடினால் மூன்று தட்டு. சிப்ஸுக்குப் பதில் பழம் கொண்டுவந்தால் மூன்று தட்டு. மாதக் கடைசியில் எடை பார்க்கும் இயந்திரத்தைத் தூக்கிவந்து மைதானத்தின் நடுவில் வைப்பார். எடை குறைந்த பிள்ளைகளுக்கும் அதே மூன்று. அதற்காக அந்த வயதுப் பிள்ளைகள் உயிரையே கொடுக்கும்.

கைதட்டலே வாங்காத பிள்ளை ஒன்று உண்டு. அவருடைய சொந்த மகள். பத்தாம் வகுப்பு, கொழுகொழு கன்னம், எப்போதும் சிரித்த முகம். அவளும் ஓடினாள், அவளும் பழம் தின்றாள். "என் பொண்ணுக்கே தட்டச் சொன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்பார் டீச்சர். எனக்கு எரிச்சலாக வரும். "உங்க நேர்மையைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்று சொல்லியும் பார்த்தேன்.

ஒரு மாதக் கடைசியில் மகள் ஏறி நின்றபோது முள் நன்றாகவே இறங்கியிருந்தது. டீச்சருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நேர்மையை ஓரங்கட்டிவிட்டு, "எல்லாரும் தட்டுங்க!" என்றார். மைதானமே தட்டியது. மூன்றோடு நிற்கவும் இல்லை. அந்தப் பெண் அம்மாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அதன்பின் அவள் நிறுத்தவில்லை. அடுத்த மாதமும் குறைந்தது, அதற்கடுத்த மாதமும் குறைந்தது. சிரிப்பும் கூடவே குறைந்ததை யார் எடை போட்டுப் பார்த்தார்கள்? கன்னம் ஒட்டிப்போனது. கொளுத்தும் வெயிலில் குளிருது என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். "பிள்ளை முகம் வாடிக் கிடக்கே" என்றேன். "வளர்ற வயசு டீச்சர், உயரம் போடுறா" என்றார். அவள் சாப்பாட்டைத் தோழிகள்தான் தின்கிறார்கள் என்பது, ஓட்டத்தின் பாதியில் அவள் சுருண்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது.

"இதயம் பலவீனமா இருக்கு" என்றார் டாக்டர். "மருந்து நாங்க கொடுத்துடுவோம். சாப்பாட்டை அவளா விரும்பிச் சாப்பிடணும். இல்லைன்னா காப்பாத்துறது கஷ்டம்."

"ஏன் கண்ணு இப்படிப் பண்ணின?" என்று டீச்சர் கேட்டாராம்.

"அன்னைக்குத்தானேம்மா நீ எனக்குத் தட்டின" என்றாளாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைச் சொல்லி, என் தோளில் சாய்ந்து அழுதார். மைதானமே அதிரக் கத்தும் அந்தத் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை.

ஒரு மாலை நான் போயிருந்தபோது, அந்தப் பெண் யாரும் சொல்லாமலே கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். ஒரு கரண்டி உள்ளே போனது. நாங்கள் மூச்சுவிடவில்லை. இன்னொரு கரண்டியும் போனது. டீச்சருக்கு இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக எழுந்து தட்டிவிட்டது.

மகள் நிமிர்ந்தாள். பல வாரங்களாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அந்த ஒட்டிய முகத்தில் வந்தது.

"எடை இன்னும் குறைஞ்சிருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்தாள்.

டீச்சர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். கிண்ணத்தில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.