வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்து

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "உங்கள் திரை ஏன் இப்படிச் செத்துப்போய்க் கிடக்கிறது?" என்று டேனிஷில் கேட்டாள். கட்டளைகளைத் தட்டும் எழுத்துச் சாளரத்தை டெர்மினல் என்போம்; அவளுடையதைப் பார்த்தால் கோயில் திருவிழாதான். ஒரு கட்டளையைத் தட்டினால் சரிக்குப் பச்சை, பிழைக்குச் சிவப்பு, நடுவில் ஊதாவும் நீலமும், முடிவில் ஒரு சின்ன ராக்கெட் படம். என்னுடையதில் கறுப்புப் பின்னணி, சாம்பல் எழுத்து, வேறொன்றும் இல்லை. நிறம் வேண்டாம் என்று நிரல்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைக்க ஒரு வழி உண்டு. புதுக் கணினி கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது அதைத்தான். கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் எனக்கு நிறத்தில் நம்பிக்கை இல்லை.

சந்தேகம் எங்கள் வீட்டுக் குணம். ஸ்கீவ என்ற டேனிஷ் ஊரில் நாங்கள் இருந்த காலத்தில், நாள் முடியப்போகும் இறைச்சிப் பொட்டலங்களில் கடைக்காரர்கள் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி விலை குறைப்பார்கள். ஊர் முழுக்க அதற்காகக் காத்திருக்கும். அம்மா மட்டும் பொட்டலத்தை எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். "சும்மா ஆர் குறைச்சுத் தருவினம்? உதுக்குள்ள என்னவோ இருக்கு." நான் வெட்கத்தில் பால் பெட்டிகளின் பக்கம் ஒதுங்கி நிற்பேன். இப்போது அந்த வயதுக்கு நானும் வந்துவிட்டேன். பொட்டலத்தை நானும் திருப்பித்தான் பார்க்கிறேன்.

டெர்மினலில் நிறம் எப்படி வருகிறது என்று இரண்டு வரி சொல்கிறேன், பயந்து ஓடிவிடாதீர்கள். ஒரு சொல்லை எழுதுமுன் நிரல் கண்ணுக்குத் தெரியாத சில குறிகளை அனுப்பும். இனி வருவது மஞ்சள் என்று அதற்குப் பொருள். டெர்மினல் குறிகளை விழுங்கிவிட்டு எழுத்தை மஞ்சளாக்கும். அதையே ஒரு கோப்புக்குள் திருப்பிவிட்டால் விழுங்க ஆளில்லாமல் எண்களும் அடைப்புக்குறிகளும் சோற்றுக்குள் கல் மாதிரி வரிக்கு வரி கிடக்கும். ஆகவே ஒழுங்கான நிரல் மறுபக்கம் இருப்பது திரையா கோப்பா என்று முதலில் பார்த்துக்கொள்ளும். திரை என்றால் பூசும், கோப்பு என்றால் பூசாது. ஆனால் அந்தத் திரை கறுப்பா வெள்ளையா என்று அது விசாரிப்பதில்லை. மஞ்சள் என்று சொன்னேன், என் கடமை முடிந்தது என்று போய்விடும். இப்படிப்பட்ட அதிகாரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதை எழுதும்போதே ஈர அட்டைப்பெட்டியின் மணம் மூக்கில் ஏறுகிறது. படிப்பை முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஓல்போர்க்கில், தண்ணீர்க் கரையோரம் இருந்த ஒரு மீன் குளிர்களஞ்சியத்தில். கணினிப் பிரிவு என்று கதவில் எழுதியிருந்தது. பிரிவு என்பது தலைவர் ஹென்றிக்கும் அவருக்குக் கீழே நானும்தான். முதல் நாள் அவர் என்னைக் களஞ்சியம் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனார். உறைகுளிர், மீன், ஈர அட்டை, எங்கோ பொங்கி வழிந்த காப்பி. இரண்டு பேருந்து மாறி வந்த களைப்பில், இந்த வேலை எனக்குச் சரிவராது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அப்போது பெட்டி அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில் ஏசியது. "மூடு சனியனே! உனக்கு ஒவ்வொரு நாளும் இதே சேட்டை."

என்னைத்தான் சொல்கிறார்களோ என்று திடுக்கிட்டேன். ஏச்சு ஆறாம் குளிரறைக் கதவுக்கு. ஏசியவர் சூசை அண்ணை. மன்னார்க்காரர், என்னைவிட ஒரு தலைமுறை மூத்தவர், அங்கே ஷிப்டுக்குப் பொறுப்பாளர். அறைகளுக்கெல்லாம் அவர் பெயர் வைத்திருந்தார். மூன்றாம் அறை ஊமைச்சி, ஆறாவது சண்டைக்காரி. வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்கள் காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் வெண்ணெய்க்கட்டியும் கொண்டுவர, அவர் வீட்டில் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்து என் மேசையில் முதலில் வைப்பார். "சாப்பிடு பிள்ளை, உவங்கள் கண்டால் மிஞ்சாது." அந்த வேலையில் நான் நின்றுபிடித்தது அவருடைய குரலால்தான்.

குளிரறைகளின் வெப்பநிலையைக் கண்காணிக்க, நான் சேர்வதற்கு வெகுகாலத்துக்கு முன்பே யாரோ எழுதிய ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. சூசை அண்ணையின் மேசையில் ஒரு டெர்மினல். அறைக்கு ஒரு வரி. சூடு கொஞ்சம் ஏறினால் மஞ்சள் எச்சரிக்கை, எல்லை தாண்டினால் சிவப்பு. ஒரு காலை ஆறாம் அறையில் இறால் பெட்டிகள் இளகிப்போயிருந்தன. சண்டைக்காரியின் கதவு சரியாக மூடியிருக்கவில்லை. சிவப்பு வந்ததும் அண்ணை ஓடிப்போயிருக்கிறார், ஆனால் அதற்குள் பிந்திவிட்டது. வெகுநேரம் முன்பே மஞ்சள் எச்சரிக்கை கொடுத்ததாக நிரலின் பதிவு சொன்னது. ஆகவே ஆள்தான் கவனிக்கவில்லை என்று ஹென்றிக் முடிவுகட்டினார். முகாமையாளர் ஒரு கண்டிப்பான பெண்மணி. அவர் அண்ணையை விசாரணைக்கு அழைத்தார். வேலை போகும் என்று களஞ்சியம் முழுக்கப் பேச்சு.

நான் என்ன நினைத்தேன் என்கிறீர்களா? எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அண்ணையையும்தான். நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணை, உள்ளதைச் சொல்லுங்கோ. கண் அயர்ந்திட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை. அந்தோனியார் சத்தியமா முழிச்சுத்தான் இருந்தனான். மஞ்சள் ஒண்டும் வரேல்லை. ஆறாம் நம்பருக்குக் கீழ ஒரு வரி வெறுமையா இருந்தது, அவ்வளவுதான்."

வெறும் வரியா? அந்த நிரலை நான் வரிவரியாகப் படித்திருந்தேன். வெறும் வரி விடுகிற வழக்கம் அதற்குக் கிடையாது. மேலே கேட்க வாயெடுத்தபோது வாசலில் ஹென்றிக் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள்?" என்றார் டேனிஷில். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அன்று பின்னேரத்துக்குள், இருவரும் தங்கள் மொழியில் கூடி ஒரு கதை தயாரிக்கிறார்கள் என்ற செய்தி முகாமையாளரின் காதுக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. இனி நான் என்ன சொன்னாலும் தன் ஆளைக் காப்பாற்றுகிறாள் என்றுதான் ஆகும். வாயால் சொல்லிப் பயனில்லை, அண்ணை சொன்ன வெறும் வரியைக் கண்ணால் காட்ட வேண்டும் என்று எல்லோரையும் அண்ணையின் மேசைக்கு அழைத்தேன்.

அந்த மேசைக்கு நான் போவது குறைவு, அவர்தான் என்னிடம் வருவார். போய்ப் பார்த்தால் டெர்மினலின் பின்னணி வெள்ளை. மேலே புதிதாக மாட்டிய விளக்குகளின் வெளிச்சத்தில் கறுப்புத் திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டதாம், யாரோ வெள்ளையாக்கியிருந்தார்கள். கறுப்பு எழுத்தும் சிவப்பு எழுத்தும் அதில் நன்றாகத் தெரிந்தன. எச்சரிக்கை எல்லையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு நிரலை ஓடவிட்டேன். ஆறாம் அறைக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக வந்தது. முகாமையாளர் குனிந்து பார்த்தார். "இங்கே ஒன்றும் இல்லையே" என்றார்.

நான் மவுஸை அழுத்திப் பிடித்து அந்த வெறும் இடத்தின் மேல் இழுத்தேன். நீலப் பட்டை ஒன்று விரிய, அதற்குள்ளிருந்து எழுத்துகள் வந்தன. எச்சரிக்கை. ஆறாம் அறை. வெப்பநிலை உயர்கிறது. வெள்ளைக்கு மேல் வெளிர்மஞ்சள். அத்தனை நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யார் இதை வெள்ளையாக்கியது?" என்றார் முகாமையாளர்.

அந்தக் கணினியில் அமைப்புகளை மாற்றக் கடவுச்சொல் வேண்டும். அது இருந்தது இரண்டு பேரிடம். நான் இல்லை என்றேன். ஹென்றிக் கையிலிருந்த கோப்பையில் காப்பி முடிந்திருந்தது, ஆனாலும் குடித்தார். பிறகு, "பழைய கணினி. தானாகவும் மாறும்" என்றார். தானாக நிறம் மாறுகிற டெர்மினலை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவருக்கு முதலிலேயே தெரியுமா, அல்லது அந்த மேசையில்தான் ஞாபகம் வந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். முகாமையாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. அண்ணையின் வேலை தப்பியது. அதோடு முகாமையாளரிடமிருந்து ஒரு சின்ன வேண்டுகோள், மிகவும் மரியாதையாக: வேலைநேரத்தில் எல்லோருக்கும் புரிகிற மொழியில் பேசினால் இப்படியான சந்தேகங்கள் வராது அல்லவா?

மற்றவர்கள் போன பிறகு அண்ணையிடம் கேட்டேன். "அண்ணை, ஆர் வெள்ளையாக்கினது? ஹென்றிக் தானே?"

அவர் வாசலைப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. "டெ வெ யாய் இக்க" என்றார். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். என்னோடு அவர் பேசிய முதல் டேனிஷ் அது.

பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ரோல்ஸ் வந்தது. நல்லாயிருக்கிறதா என்று டேனிஷில் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன், அவர் டேனிஷில் தொடர்ந்தார். நானும் பிடிவாதக்காரிதான், விடவில்லை. நாங்கள் இருவர் மட்டும் தனியாக நின்ற நேரங்களிலும் அவர் மாறவில்லை. ஆறாம் அறைக் கதவை ஏசாமல், சத்தமில்லாமல் தள்ளி மூடினார். காப்பாற்றிவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்த எனக்கு, அந்தத் தமிழ் ஏச்சைக் கேட்காமலிருப்பது பெருமையெல்லாம் போகும்படி வலித்தது. அடுத்த வருடம் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

அந்தக் களஞ்சியத்தை இடித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி அடுக்குமாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். மஞ்சளும் சிவப்புமாக எழுதிய அந்த நிரலும் போயே போய்விட்டது. ஹென்றிக் எங்கே என்று எனக்குத் தெரியாது. சூசை அண்ணை ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கடையில், தயிர் அடுக்குக்கு முன்னால் கூடையோடு நின்றார். நன்றாக மெலிந்திருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அண்ணை, சுகமா இருக்கிறியளோ?"

முகம் மலர்ந்தது. வாய் திறந்தார். திறந்தவர் ஒரு கணம் நிறுத்தி, தோளுக்கு மேலால் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, டேனிஷில், நல்ல சுகம், நன்றி என்றார்.